கிளினிக் கொப்பியில் மூன்று எழுத்து

இலங்கை மலையகத்தில் ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் போய்வருகிறவர்கள் கையில் ஒரு கொப்பி இருக்கும். பிரவுண் தாளில் உறை போட்டு, மேலே பெயரும் கிளினிக் நம்பரும் எழுதி, மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார்கள். அந்தக் கொப்பியை வாசிப்பது டொக்டர் மட்டுமில்லை. மருந்து கொடுக்கும் ஜன்னலில் வாசிப்பார்கள், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் எட்டிப் பார்ப்பார்கள், தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் ஏ.எல். வரை படித்த அண்ணன் ஒருவர் "குடுங்க பாப்பம்" என்று வாங்கி வாசித்து விளக்கம் சொல்வார். பதினைந்து வயதுப் பிள்ளையின் கொப்பியில் 'பி.பி.டி.' என்று ஆங்கிலத்தில் மூன்று எழுத்து இருந்தால், அன்றிரவே யாராவது ஃபோனில் தேடிப் பார்த்துவிடுவார்கள். 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்று வரும். ஆளே கோளாறு என்றுதான் அது அந்தக் காம்பராவில் விளங்கிக்கொள்ளப்படும்.

இதை இந்த வயதில் எழுதலாமா என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. வளர்கிற பிள்ளை, குணமே இன்னும் உறையவில்லை, 18 ஆகும்வரை அந்தப் பேச்சை எடுக்காதே என்பது ஒரு கட்சி. இரண்டாம் தடவை கையைக் கீறிக்கொண்டு வந்தாலே கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவது மற்றது. மூன்றாவது கட்சி ஒன்றும் எழுதாது, வாயால் சொல்லும்: "சும்மா எடுப்புக் காட்டுறா", அதாவது அடுத்தவர் கவனத்துக்காகச் செய்கிறாள் என்று. வார்டில் சொல்வார்கள், பாடசாலை ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், லயத்து இஸ்தோப்பில் வெற்றிலை மடித்தபடி சொல்வார்கள். முதல் இரண்டு கட்சியோடும் புத்தகத்தை விரித்து வைத்து வாதாடலாம். மூன்றாவதுதான் முள்ளாக நிற்கிறது. அதில் கால்பங்கு உண்மை இருக்கிறது, அந்தக் கால்பங்கை யாரும் சரியாகக் கையாள்வதில்லை.

பெயர் வந்த வழி

முதலில் பெயரை முடித்துவிடுவோம். 'எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு' என்ற தமிழைக் கேட்டால் எந்த எல்லை என்று கேட்கத் தோன்றும். 1938இல் அடோல்ஃப் ஸ்டேர்ன் என்ற அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர், பதற்றம் சார்ந்த நோய்களுக்கும் சித்தம் கலங்கும் நோய்களுக்கும் இடைக்கோட்டில் நிற்பவர்கள் என்று ஒரு கூட்டத்தாரைப் பிரித்துக் காட்டினார். அந்த இடைக்கோட்டுக் கருத்தை மருத்துவம் எப்போதோ கைவிட்டுவிட்டது. நாம் கைவிட்ட கருத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வைத்துக்கொண்டிருக்கிறோம். உணர்ச்சி சட்டென்று பொங்கும், உச்சத்துக்குப் போகும், இறங்க நேரமெடுக்கும், அதனால் உறவுகள் உடையும். விஷயம் இவ்வளவுதான்.

அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் நோய்நிர்ணய நூலான டி.எஸ்.எம். 5 கேட்பது 9 அறிகுறிகளில் 5. பதினெட்டுக்குக் கீழே என்றால் அவை ஒரு வருடமாவது தொடர்ந்திருக்க வேண்டும். 18க்கு முன் எழுதவே கூடாது என்ற தடை அந்த நூலில் சமூகவிரோத ஆளுமைக் கோளாறு ஒன்றுக்குத்தான். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டு நூலான ஐ.சி.டி. 11 பழைய வகைகளையே கலைத்துவிட்டு, இலேசு, நடுத்தரம், கடும் என்று கடுமையை மட்டும் முதலில் கேட்கிறது. ஆனால் இரண்டு வருடமாவது நீடித்திருக்க வேண்டும் என்கிறது. ஆக, பதினெட்டு வயது வரை வாயே திறக்கக் கூடாது என்பவர்களும் பிழை, முதல் பரீட்சைத் தவணைக்குள் இரண்டு கீறலைப் பார்த்து எழுதுபவர்களும் பிழை. வயதைவிடக் காலந்தான் அங்கே அளவுகோல்.

எழுதுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வேறு இருக்கின்றன. மனச்சோர்வு, கவனக்குறைவும் துருதுருப்பும், வீட்டிலோ வெளியிலோ நடந்த துஷ்பிரயோகம். இருமுனைக் கோளாறோடு குழப்பிக்கொள்வதும் நிறைய நடக்கிறது. பிரிக்க ஒரு எளிய கேள்வி உதவும்: மனம் மாறுவது மணிக்கணக்கிலா, நாட்கணக்கிலா? இருமுனையின் எழுச்சி குறைந்தது நான்கு நாளாவது நிற்கும். அந்த நாட்களில் தூங்காமலேயே களைப்பில்லாமல் ஆள் ஓடிக்கொண்டிருப்பார். இங்கே நாம் பேசுகிற பிள்ளை காலையில் சிரித்து, இன்டர்வலில் அழுது, வீடு போகும் பஸ்ஸில் மறுபடி சிரிக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள், ஒரு சொல் இருக்கும்.

கேட்கும் பாஷையும் முக்கியம். "வெறுமையுணர்வு இருக்கிறதா?" என்று கேட்டால் எந்த மலையகப் பிள்ளையும் இல்லையென்றுதான் சொல்லும். "உள்ளுக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குமா? சாப்பிட்டும் நெறையாத மாதிரி?" என்று கேட்டால் தலை நிமிரும். "மரத்துப் போயிருது", "நெஞ்சுக்குள்ள கொதிக்குது", "எல்லாமே வெறுத்துப் போச்சு மிஸ்" என்று தன் சொல்லில் வரும். டொக்டர் சிங்களத்தில் கேட்க, கூட வந்த பாட்டியோ வார்டு ஊழியரோ இடையில் நின்று மொழிபெயர்க்கும்போது இந்தச் சொற்கள் அத்தனையும் "அவ ஒண்ணும் இல்லைங்கிறா" என்று சுருங்கிவிடும். பாட்டியோடு நடந்த சண்டைதான் காரணம் என்றால், பாட்டியே அதை எப்படி மொழிபெயர்ப்பார்? மொழி தெரிந்த, குடும்பத்தில் இல்லாத ஒருவர் பத்து நிமிடம் கிடைத்தால் போதும், பாதி நோய்நிர்ணயம் மாறிவிடும்.

பெற்றோருக்குச் சொல்ல இரண்டு கணக்கு இருக்கிறது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1992 முதல் 2008 வரை இளையோரைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 14 முதல் 19 வயதுக்குள் தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் நூற்றுக்கு 8 பேர். அவர்களில் பத்தில் ஒன்பது பேர் இருபதுகளின் கடைசியில் அதை விட்டிருந்தார்கள். அமெரிக்காவில் மேரி சனாரினி குழு, இந்த நோய்நிர்ணயத்தோடு வார்டில் சேர்ந்த 290 பேரைப் பத்து வருடம் பின்தொடர்ந்தது. நூற்றுக்கு 93 பேருக்கு இரண்டு வருடமாவது அறிகுறிகள் விலகியிருந்தன. வேலை, உறவு என்று வாழ்க்கையும் சேர்ந்து சீரானவர்கள் பாதிப்பேர். ஆறும், ஆனால் தன்னால் எல்லாம் ஆறிவிடாது என்று இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஸ்வெட்டர் மறைக்கும் ஊர்

ஆசிரியர்களுக்கான கருத்தரங்கு எதற்குப் போனாலும், வெயிலில் முழுக்கை போட்ட பிள்ளையைக் கவனியுங்கள் என்பார்கள். நுவரெலியாவிலும் தலவாக்கலையிலும் ஊரே ஸ்வெட்டரில் நிற்கும்போது யாரைக் கவனிப்பது? இங்கே அடையாளங்கள் வேறு. மலைநீர் விழும் பீலியில் உடுப்புத் துவைக்கும்போது கையை மடிக்காமல் ஈரத்தோடு நிற்பது, உடற்கல்விப் பாடத்தன்று மட்டும் வயிற்றுவலி, வலைப்பந்து அணியிலிருந்து காரணமில்லாமல் விலகுவது, மணிக்கட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோயில் கயிறு. கழிவறைக்குப் போய் அதிக நேரம் எடுப்பது முக்கியமான அடையாளம், ஏனென்றால் லயத்துக் காம்பராவில் ஒரு பிள்ளைக்குத் தனியாக அழக் கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். வரிசையில் நிறுத்தி ஸ்வெட்டரைக் கழற்றிக் கையைக் காட்டச் சொல்வதை மட்டும் செய்யாதீர்கள். அன்றிலிருந்து கீறல் யாரும் பார்க்காத இடத்துக்கு மாறும், அவ்வளவுதான் நடக்கும்.

காயம் கண்டால் காயத்தைப் பாருங்கள், பேச்சு பிறகு. சுத்தமான துணியால் பத்து நிமிடம் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும், நடுவில் தூக்கித் தூக்கிப் பார்க்கக் கூடாது. நின்றதும் ஓடும் நீரில் கழுவுங்கள். கோப்பித்தூள், மஞ்சள், பற்பசை எதுவும் வேண்டாம். விளிம்பு விலகி வாய் திறந்திருந்தாலோ, விரல் மடிக்க முடியாவிட்டாலோ, காயத்துக்கு அப்பால் மரத்திருந்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ அன்றே தையல் போட வேண்டும். ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் கேளுங்கள். தையலுக்கு முன் மரத்துப்போக ஊசி போடாமல் "வெட்டும்போது வலிக்கலியா?" என்று கேட்கும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பிள்ளைக்கு அது சிகிச்சையில்லை, தண்டனை. அடுத்த தடவை அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரிப் பக்கமே வராது. மருந்தோ நஞ்சோ எதையாவது விழுங்கியிருந்தால் எவ்வளவு என்று பார்க்க வேண்டாம், வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், ஆள் தெளிவாகப் பேசுகிறதே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வெற்று அட்டையையும் போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள். சில மாத்திரைகள் முதல் நாள் எதையும் காட்டாது.

"பொலிஸ் கேஸ் ஆகிரும்" என்ற பயத்தில் "தவறுதலா நடந்திருச்சு" என்று பொய் சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி இலங்கையில் 1998 முதல் குற்றமில்லை. பொய்யால் நடப்பது, மனநலப் பிரிவுக்கு அனுப்பாமலேயே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது மட்டுமே.

"ஏன் செஞ்ச?"

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் வராது, அல்லது "தெரியல" என்று வரும். அது திமிரில்லை, உண்மையிலேயே தெரியாது. நொக், பிரின்ஸ்டீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004இல் பதின்ம வயதினரிடம் கேட்டு, காரணங்களை நான்கு கூடையில் போட்டார்கள். தாங்க முடியாத உணர்ச்சியைக் குறைக்க. மரத்துப்போன உள்ளத்தில் எதையாவது உணர. ஒரு வேலையிலிருந்தோ ஆளிடமிருந்தோ தப்ப. அடுத்தவரிடமிருந்து ஒன்றைப் பெற. அதிகம் பேர் சொன்னது முதலாவது. நாம் 'எடுப்பு' என்று சொல்வது நாலாவது கூடை. கூடை இருக்கிறது, இல்லையென்று நான் சொல்லவில்லை.

'ஏன்' என்பதற்குப் பதிலாக 'அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு' என்று பின்னோக்கிப் போவதற்குச் சங்கிலிப் பகுப்பாய்வு என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய டி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சையின், பொங்கும் உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சையின், முதுகெலும்பு இது. ஒரு ஒற்றை ரூல் தாளைக் குறுக்கே வைத்து, வலது ஓரத்தில் காயத்தை எழுதி, இடப்பக்கமாக நேரத்தோடு நகர வேண்டும். எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு வெள்ளிக்கிழமையைக் கட்டித் தருகிறேன். இது எந்த ஒரு பிள்ளையின் கதையும் இல்லை.

"எத்தன மணிக்கும்மா நடந்துச்சு?" "ஏழே கால், ஏழு இருவது இருக்கும் மிஸ்." "ஏழு மணிக்கு எங்க இருந்த?" "குசினில. பாட்டி ஏசுனாங்க." "என்ன சொல்லி ஏசுனாங்க? அப்பிடியே சொல்லு." கொஞ்ச நேரம் மௌனம். "ஒங்கம்மாவே ஒன்ன வேணாம்னுதான போனான்னு." சொல் கிடைத்துவிட்டது. பாட்டி அதை அன்றுதான் முதல் தடவை சொன்னாரா? இல்லை, கோபம் வந்தால் சொல்வதுதான். அப்படியென்றால் அன்று ஏன் தைத்தது? இன்னும் பின்னால் போக வேண்டும். ஐந்தரைக்குக் கூட்டாளி மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை, இரண்டு நீலச் சரி மட்டும். பகல் சாப்பிடவில்லை. முந்தின இரவு இரண்டு மணி வரை ஃபோன். அம்மா குவைத்தில், வெள்ளி அவருக்கு லீவு, வெள்ளிதான் கோல் வரும், அன்று வரவில்லை. பசி, தூக்கமின்மை, வராத கோல், நீலச் சரி, அதற்கு மேல் பாட்டியின் சொல். தனித்தனியாக எடுத்தால் எதுவும் பெரிதில்லை. அடுக்கினால் ஏழு இருபது.

பலர் தாளை அதோடு மடித்துவிடுவார்கள். காயத்துக்கு வலப்பக்கம் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன நடந்தது? உள்ளே கொதித்தது ஐந்து நிமிடம் அடங்கியது, பிறகு வெட்கம். ஏழு நாற்பதுக்குப் பாட்டி பார்த்தார். கத்தி அழுதார், கட்டிப்பிடித்தார், சாதம் பிசைந்து ஊட்டினார். எட்டு மணிக்கு மாமா குவைத்துக்கு அடித்தார். எட்டேகாலுக்கு அம்மா வீடியோவில் வந்தார், ஒரு மணி நேரம் பேசினார்.

வாரம் முழுக்க வராத அம்மா, காயத்துக்கு ஐம்பத்தைந்தாவது நிமிடம் வந்துவிட்டார். 'எடுப்பு' என்கிறவர்கள் பார்ப்பது இந்த இடத்தைத்தான், அவர்கள் பார்ப்பதும் சரிதான். பிழையாவது அடுத்த அடியில். "பாத்தியா, அதுக்குத்தான் செய்றா, கண்டுக்காம விடுங்க" என்பார்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் பிள்ளை கற்றுக்கொள்வது, இந்த அளவு போதவில்லை என்பதைத்தான். செய்ய வேண்டியது மறுபுறத்தில் இருக்கிறது: அம்மாவின் குரலைக் காயத்திலிருந்து கழற்றி நாள்காட்டியில் மாட்ட வேண்டும். புதனும் வெள்ளியும், பத்து நிமிடம், பிள்ளை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும். குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னே. அவர் வீட்டு வேலை முடியும்போது இங்கே பிள்ளை தூங்கப் போகும் நேரம். அப்படியானால் காலையில் கேட்க இரண்டு நிமிடக் குரல்பதிவு ஒன்று போதும். நீளம் முக்கியமில்லை, நாள் தவறக் கூடாது. காயம் நடந்த இரவில் கோல் வந்தால் அன்பாக, சுருக்கமாக: "காயம் கட்டியாச்சா? சாப்பிட்டியா? வெள்ளிக்கெழம பேசுவோம் கண்ணு." நீண்ட பேச்சை வெள்ளிக்கு வையுங்கள்.

பாட்டியின் சொல்லையும் விடக் கூடாது. பாட்டியைக் குற்றவாளியாக்கினால் அவர் கிளினிக்குக்கே வர மாட்டார். அவரும் ஆறு நாள் கொழுந்தெடுத்து, மகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அறுபத்தைந்து வயதில் மறுபடி பிள்ளை வளர்ப்பவர். அந்த ஒரு வசனத்தை மட்டும் சொல்லாதீர்கள், மற்றபடி ஏசுங்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ஒரு வசனத்தைத்தான் கேட்கிறோம், குணத்தையல்ல. "சாமி மேல சத்தியம் பண்ணு, இனி செய்ய மாட்டேன்னு" என்று வாங்கும் சத்தியமும் வேண்டாம். அது காயத்தைத் தடுத்ததாக ஆதாரமில்லை. சத்தியம் உடைந்த பின் அடுத்ததை மறைக்க மட்டும் கற்றுக்கொடுக்கும். கோயிலுக்குப் போகட்டும், கயிறு கட்டட்டும், அதில் எனக்குத் தகராறில்லை. கிளினிக் நாளில் போகாமல் இருந்தால் சரி.

டி.பி.டி. இல்லாத மலையில்

முழு டி.பி.டி. என்றால் வாரம் ஒரு தனிச் சந்திப்பு, வாரம் ஒரு குழு வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி, சிகிச்சையாளர்கள் தங்களுக்குள் கூடும் ஒரு கூட்டம். பதின்ம வயதினருக்கான வடிவத்தை நோர்வேயில் 77 பேரிடம் 19 வாரம் செய்து பார்த்து, 2014இல் வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிடக் காயம் குறைந்தது. ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை தமிழில் இதை முழுதாக நடத்த ஆள் வேண்டுமே என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுவதுதான் வழக்கம்.

அந்தப் பெருமூச்சை நிறுத்த மெல்பர்னில் அண்ட்ரூ சேனன் குழு செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. 15 முதல் 25 வயதுவரை 139 பேர், மூன்று குழு. ஒன்றுக்கு இந்தக் கோளாறுக்கென்றே அமைந்த சேவையும் விசேட உளச்சிகிச்சையும். இரண்டாவதுக்கு அதே சேவை, ஆனால் உளச்சிகிச்சைக்குப் பதிலாக நட்புப் பேச்சு: கிரிக்கட், படம், சமையல் என்று பாரமில்லாத பேச்சு. மூன்றாவதுக்கு பொதுவான இளையோர் மனநல சேவையும் அதே நட்புப் பேச்சும். ஒரு வருட முடிவில் உறவுச் சிக்கல்களிலும் சமூக வாழ்க்கையிலும் மூன்று குழுவும் தேறியிருந்தன, ஒன்றையொன்று மிஞ்சவில்லை. ஒன்றுமே கொடுக்காத குழு அதில் இல்லை, அதனால் காலம் செய்த வேலை எவ்வளவு என்று பிரிக்க முடியாது. இருந்தாலும் விசேட நிபுணர் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்பதற்கு இது போதும். மனநல வைத்திய அதிகாரியோ சமூக மனநலத் தாதியோ சமூக சேவை உத்தியோகத்தரோ, மொழி தெரிந்த ஒரு ஆள், வாரம் முப்பது நிமிடம், தவறாமல்.

தவறாமல் என்பதுதான் மலையில் கஷ்டம். காலை கிளினிக் என்றால் பிள்ளைக்குப் பாடசாலை போகும், கூட வருபவருக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போகும். இரண்டு தடவை வராவிட்டால் 'ஒத்துழைப்பில்லை' என்று எழுதிவிடுவார்கள். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. இரண்டரைக்கு ஒரு நேரம் ஒதுக்கினால் பாதிப் பிரச்சினை தீரும். மண்சரிவில் பாதை மூடினால் அன்றைய சந்திப்பு தொலைபேசியில். வராவிட்டால் 48 மணி நேரத்துக்குள் நாமே எடுக்க வேண்டும். காயம் நடந்ததற்காக நேரத்தை நீட்டவும் வேண்டாம், கோபித்து வெட்டவும் வேண்டாம். முப்பது என்றால் முப்பது. உத்தியோகத்தருக்கு இடமாற்றம் வந்தால் ஆறு வாரம் முன்பே சொல்லி, புதியவரோடு ஒரு சந்திப்பாவது சேர்ந்து நடத்த வேண்டும். கைவிடப்படும் பயம்தான் நோய் என்றிருக்க, சொல்லாமல் மாறிப்போவதைப்போல் ஒரு கெடுதி இல்லை.

மருந்தைப் பற்றிச் சுருக்கமாக: ஆளுமைக் கோளாறுக்கென்று மாத்திரை இல்லை. கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்குக் கொடுப்பார்கள். தூக்கத்துக்குக் கொடுப்பது நெருக்கடியில் ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது பிரித்தானிய வழிகாட்டல். குறைவு, நடுத்தரம், அதிகம் என்று அபாயத்துக்குப் புள்ளி போடும் படிவங்களை வைத்து எதிர்காலத்தைக் கணிக்க வேண்டாம் என்றும் அவர்களே 2022இல் சொல்லிவிட்டார்கள். படிவம் நிரப்பும் நேரத்தில் சங்கிலி போடலாம்.

அட்டை, பீலி, பூட்டு

ஸ்டான்லி, பிரவுண் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்களின் பாதுகாப்புத் திட்டம் ஒரு அட்டையில் அடங்கும் ஆறு வரி: வரப்போகிறது என்று காட்டும் அடையாளம், தானே செய்யக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடமும், உதவி கேட்கக்கூடிய ஆட்கள், சேவைகள், வீட்டைப் பாதுகாப்பாக்குவது. பிள்ளையின் கையெழுத்தில், பிள்ளையின் சொல்லில் இருக்க வேண்டும். 'பதற்றம் ஏற்படும்போது' என்று நாம் எழுதிக் கொடுத்தால் அது நம் அட்டை. 'தாடை இறுகி, ஃபோனை எடுத்து எடுத்துப் பாக்கும்போது' என்று அது எழுதினால் ஏழு மணிக்கே கண்டுபிடிக்கும்.

மூன்றாம், நாலாம் வரிகளில்தான் மலையகத்தில் அட்டை உடையும். பக்கத்துக் காம்பரா அக்காவிடம் சொன்னால் லயம் முழுவதற்கும் சொன்ன மாதிரி. அதனால் மனதைத் திருப்ப ஒருத்தர், சொல்லி அழ வேறொருத்தர் என்று பிரிக்க வேண்டும். திருப்புவதற்கு அந்த அக்காவே சரி, போய் அவள் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சொல்வதற்கு வேறு டிவிஷனில் இருக்கும் சித்தியோ, ஆலோசனை வழிகாட்டல் டீச்சரோ. இரவென்றால் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி, தமிழிலும் பேசலாம். வீட்டில் துஷ்பிரயோகம் என்றால் 1929, சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை.

இரண்டாம் வரிக்கு மலையில் கைவசம் இருப்பது தண்ணீர். மூச்சைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணும் கன்னமும் நனைய முகத்தைக் குளிர்ந்த நீரில் 15 முதல் 30 விநாடி வைத்தால் இதயத் துடிப்பு இறங்கும். நீரில் மூழ்கும் உயிர்களுக்கெல்லாம் உள்ள அனிச்சைச் செயல் அது. வெளியூர்ப் புத்தகங்கள் ஐஸ் போடச் சொல்லும். நமக்குப் பீலித் தண்ணீரே போதும். இருட்டில் பீலிக்கு அனுப்ப வேண்டாம், தேயிலைக்குள் சிறுத்தை நடமாடும் ஊர். பின்னேரமே ஒரு வாளி பிடித்துக் குசினியில் வைத்துவிடுங்கள். இதய நோய் இருந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கி மிகவும் மெலிந்திருந்தாலோ இது வேண்டாம். சில நிமிடம்தான் இதன் பலன். அந்த இடைவெளிக்குள் அடுத்ததுக்குப் போக வேண்டும்: நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, அல்லது மேல்லயத்துப் படியை இரண்டு தடவை ஏறி இறங்குவது. ரப்பர் பட்டியைச் சுண்டச் சொல்லும் ஆலோசனை எனக்குப் பிடிப்பதில்லை; வலிக்குப் பதில் வலியைத்தான் அது பழக்குகிறது.

ஆறாம் வரிதான் உயிர் காப்பது. 1995இல் இலங்கையில் இலட்சத்துக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடை செய்ததில் அந்தத் தொகை பாதிக்கும் கீழே வந்தது. வீட்டுக்கு ஒரு பூட்டுப்பெட்டி கொடுத்தால் இன்னும் குறையுமா என்று அநுராதபுரத்தில் 180 கிராமங்களில் பெரிய ஆய்வு நடந்தது. 2017இல் வந்த முடிவு, பலனில்லை என்பது. திறப்பு எங்கே இருக்கிறதென்று வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? மரக்கறித் தோட்டம் செய்யும் வீடுகளில் பூச்சிமருந்து காம்பராவுக்குள்ளேயே வரக் கூடாது. ஒரு தடவை அடிக்கத் தேவையானதை மட்டும் வாங்கி அன்றே முடித்துவிட வேண்டும். பாட்டியின் பிரஷர், சீனி மாத்திரைகளைக் கிளினிக்கில் ஒரு மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஒரு வாரத்தினதை வைத்துக்கொண்டு மீதியை வேறு வீட்டில் வையுங்கள். நினைப்புக்கும் செயலுக்கும் நடுவே பெரும்பாலும் நிமிடங்கள்தான். மீதியை எடுக்க மலை ஏறிப் போக வேண்டுமென்றால் அந்த நிமிடங்கள் நீளும்.

பாடசாலைக்கு ஒன்றிரண்டு. ஒரு வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே மாதிரிக் காயம் கண்டால் காலைக் கூட்டத்தில் பேசாதீர்கள், தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். காயத்தைப் படமெடுத்து ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. வகுப்பிலிருந்து நிறுத்துவதும் வேண்டாம். அந்த ஆறு மணி நேரம் பிள்ளை குசினியிலிருந்து தூரத்தில் இருக்கும் நேரம்.

மறுபடி கொப்பிக்கு வருவோம். நோய்நிர்ணயம், சங்கிலித் தாள், அம்மாவைப் பற்றிய பேச்சு எல்லாம் ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கட்டும். பிள்ளைக்கும் வீட்டாருக்கும் பெயரைச் சொல்வதென்றால் முகம் பார்த்து, அந்த இரண்டு கணக்கையும் சேர்த்து, வாயால் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகிற கொப்பியில் மருந்து இருந்தால் அதன் பெயர், பார்த்தவரின் பெயர், வார்டின் தொலைபேசி, பிறகு தமிழில் ஒரு வரி: அடுத்த சந்திப்பு செவ்வாய், பிற்பகல் 2.30.